எதிராளி கண்ணில் படாமல் வரவும்

திருமங்கலத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். கட்சிக்காரர்களுக்குப் போன் போட்டு வாய்தா தேதியை ஞாபகப்படுத்துவதும் என் வேலைதான். பழக்கமில்லாத ஆண்களிடம் "ஹலோ" சொல்வதற்குள் எனக்குக் காது சூடாகிவிடும். ஆபீஸுக்கு செல்போன் வந்து, இனி மெசேஜே அனுப்பலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசவே வேண்டாமே! இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, ஊருக்கெல்லாம் அனுப்பித் தள்ளினேன்.

அப்போது தங்கராசு என்று ஒரு விவசாயியின் கேஸ் நடந்தது. வரப்புத் தகராறில் பெரியப்பா மகன் முத்தையாவை மண்வெட்டிக் காம்பால் அடித்ததாக வழக்கு. ஒரு வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, உள்ளேயே கட்டிப் புரண்டதில், கண்டக்டர் இருவரையும் நடுவழியில் இறக்கிவிட்டார். கோர்ட்டுக்கு ஆள் வரவில்லை. "அடுத்த தடவை வரலைன்னா வாரண்ட்" என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார்.

வக்கீல் சார் பதறிப்போனார். "மறக்காம மெசேஜ் போடும்மா. எதிராளி கண்ணுல படாம வரச் சொல்லு."

தங்கராசு கொடுத்திருந்த நம்பருக்கு அப்படியே அனுப்பினேன்.

வாய்தா அன்று கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். தங்கராசு பெயரை இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. ஆளைக் காணோம்.

சார் என் பக்கம் திரும்பினார். "மெசேஜ் போச்சா, போகலையா?"

"போயிருச்சு சார்." எனக்கு அழுகை முட்டியது. என்னால் ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகப் போகிறாரே என்று வாசலையே பார்த்தேன்.

மூன்றாவது முறை கூப்பிடும்போது வாசலில் தடதடவென்று சத்தம். தங்கராசுவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். முத்தையா!

"அடிச்சவரு யாரு, இழுத்துட்டு வாரது யாரு?" என்றார் மாஜிஸ்திரேட். கோர்ட்டே சிரித்தது.

வெளியே வந்ததும் சார் கேட்டார். "தங்கராசு, நீ குடுத்த நம்பர் யாரோடது?"

"எங்க தெருவுலயே முத்தையா அண்ணன்கிட்ட மட்டுந்தான்யா செல்லு இருக்கு" என்றார் தங்கராசு.

"நாந்தான் படிச்சுக் காட்டுனேன்" என்றார் முத்தையா. "இவன் வராட்டி கேஸு நகருமா? நானும் எம்புட்டுத் தடவ வேலையப் போட்டுட்டு வாரது? அதான் வண்டியில தூக்கிப் போட்டுட்டு வந்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "தாயி, என் கண்ணுல படாம வரணும்னு நீங்கதான எழுதிருந்தீக? அதான் பின்னாடி உக்கார வச்சேன். கோர்ட்டு வாசல் வரைக்கும் திரும்பியே பாக்கல."

கூச்சமெல்லாம் எங்கே போனதோ, வராந்தாவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வக்கீல் ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம்பரை எழுதும் முன் அது யாருடைய போன் என்று வாய் திறந்து கேளுங்கள். நானும் அன்றிலிருந்து கேட்டேன். தங்கராசு நம்பரை மட்டும் கேஸ் முடியும்வரை மாற்றவில்லை. அவர் அதற்குப் பிறகு ஒரு வாய்தாவும் தவறவில்லை.