சோக் கம்பியில் வந்த பதில்

முருகனடியார்களே, என் மகளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது, என் கார் கிளம்பவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நான் இருந்த நிலைமை இதுதான்.

கிணத்துக்கடவில் எனக்குப் பம்பு மோட்டார் ரிப்பேர் தொழில். மகள் செல்விக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாள் காய்ச்சல். அன்று காலை அவளால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. உள்ளூர் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். "தொண்டை அடைப்பானுங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க. மத்தியானம் தாண்டுனா ஆபத்துங்க" என்றார். பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ் அப்போதுதான் போயிருந்தது.

கார் நானே மாற்றிக் கட்டியது. பழைய சீமைக் காரின் உடம்பு, ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் இன்ஜின். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்று ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினை மாற்றியதால் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றவும் வழியில்லை. தள்ளலாம் என்றால் மழையில் வாசல் முழுக்கச் சேறு. நானும் மச்சினன் பழனிச்சாமியும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். மறுபூஜை முடிந்து வண்டியை ஏற்றி நசுக்குவதற்காகச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை.

பாட்டரியில் பல்பை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டர் சுவிட்சை விட்டுவிட்டு நேராக ஒயரைச் சேர்த்தேன். அதே 'டக்'. இக்னிஷன் ஒயரை மாற்றினேன். விரல் கிழிந்ததுதான் மிச்சம். ஊருக்கெல்லாம் மோட்டார் ஓட வைக்கிறவன், என் பிள்ளைக்காக ஒரு இன்ஜினைச் சுற்ற வைக்க முடியவில்லை. ஸ்பானரைச் சேற்றில் வீசினேன். பாவம், மச்சினன் மேல் எரிந்து விழுந்தேன்.

மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் இருந்தாள். "ஏனுங்க, சாமிய நெனச்சுப்போட்டு அழுத்துங்க" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து உனக்குச் செஞ்சது பத்தலையா முருகா?" என்று வாய்விட்டே கேட்டேன். கேட்டதும் உடைந்து போனேன். "எனக்கு ஒண்ணும் புரியல. எங்கேன்னு மட்டும் காட்டு" என்று அழுதபடி, குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் கம்பியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்தினேன்.

கை சுட்டது. சோக் கம்பி கொதித்துக்கொண்டிருந்தது.

கரண்ட் அந்தக் கம்பிக்குள் வர வேண்டிய வேலையே இல்லை. இன்ஜினுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே ரப்பர். கரண்ட் திரும்பி வர இரண்டையும் இணைக்கும் செம்புப் பட்டை ஒன்றுதான் பாதை. அது அடைபட்டதால், வண்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய சோக் கம்பி வழியாக ஓடியிருக்கிறது. பாய்ந்து இறங்கினேன். பூஜைக்காகப் பட்டையைக் கழற்றித் துலக்கிய இடத்தில், நானே திருநீற்றையும் சந்தனத்தையும் குழைத்துப் பூசி, அதன் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருந்தேன். காய்ந்து ஓடாகியிருந்தது.

"சாமிக்கு வெச்சதுங்க மச்சான். மறுபூஜைக்கு முந்தித் தொடைக்கலாமுங்களா?" என்று பழனிச்சாமி தயங்கினான்.

"அவன்தான்டா காட்டினான்" என்றேன்.

வேட்டி முனையால் துடைத்து, கத்தியால் சுரண்டி, பட்டையை இறுக்கினேன். முதல் அழுத்தலிலேயே இன்ஜின் பிடித்தது. மச்சினன் பின்னால் தள்ள, வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு எலுமிச்சம்பழங்களை நசுக்கி ரோட்டில் ஏறியது.

மத்தியானத்துக்குள் செல்விக்கு ஊசி போட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கொப்புளித்த கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

பூசிவிட்டால் பக்தி முடிந்தது என்று நினைத்தவன் நான். இப்போது வேண்டிக்கொண்டால், பதில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிக்கிறேன். நீங்களும் அவனிடம் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவன் தள்ளிவிட மாட்டான்.

செல்விக்கு இப்போது பத்து வயது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. போன ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டைத் திறந்தபோது, அந்தக் கரகரத்த குரலில் பின்னாலிருந்து சொன்னாள்: "அப்பா, பட்டைகிட்ட மட்டும் வெக்காதீங்க."