ஃபேன் பாட்டியின் கவலை

கழற்றிய ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பதால், யார் என்ன கேட்டாலும் முதலில் "ம்ம்" என்றுதான் பதில் வரும். பிறகு டேபிள் ஃபேனின் முதுகுக்குள் எட்டிப் பார்த்து, ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் உமிழ்ந்துவிட்டு, "யாரு உன்ன இந்தப் பாடு படுத்துனது?" என்று அதனிடமே விசாரிப்பார். வீட்டின் முன்னறைதான் ரிப்பேர் கடை. தெருவுக்கு அவர் ஃபேன் பாட்டி.

விடுமுறைக்கு ஏழு வயதுப் பேத்தி வந்ததிலிருந்து அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் குழந்தையைக் கண்டதும் ஆளாளுக்குத் தங்கள் பாட்டி புராணத்தை எடுத்துவிட்டார்கள். ஒருவருக்குப் பாட்டியின் கைமணம், இன்னொருவருக்குக் கதை, மற்றவருக்கு மடி. மூன்றும் தன்னிடம் கிடையாதே என்று பாட்டிக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இவ பெரியவளானா என்னைப் பத்தி என்னத்தச் சொல்லுவா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கேட்டார்.

"ஃபேன் பாட்டின்னு சொல்லுவா."

"அதத்தான் ஊரே சொல்லுதே."

முயற்சிக்குக் குறை வைக்கவில்லை. படுக்கப் போகும்போது கதை சொன்னார். "ஒரு ராஜா இருந்தாரு. வயசாயிடுச்சு. செத்துட்டாரு. தூங்கு." பேத்திக்கு இருந்த தூக்கமும் போய்விட்டது, ராணி என்ன ஆனாள் என்று குடைந்தெடுத்தாள். மடியில் சாய்த்துக்கொண்டால், இடுப்புப் பையில் மறந்துபோன ஆணிகள் குழந்தையைக் குத்தின.

கிளம்பும் நாளன்று கடைசி முயற்சியாகக் கேக் செய்யத் துணிந்தார். தன் காலையே சுற்றிச் சுற்றி வந்த பேத்தியிடம், "இந்தா, இதுக்கு கிரீஸ் வை" என்று ஃபேனிலிருந்து கழற்றிய ஒரு பழைய பேரிங் வளையத்தைக் கொடுத்து முன்னறையில் உட்கார்த்திவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். ஓவன் அவரே பழுது பார்த்தது, சொன்ன பேச்சைக் கேட்டது. கேக்தான் செங்கல்லாக வந்தது. சர்க்கரை போடவும் மறந்திருந்தார்.

அழைத்துப்போக வந்த மகன் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான். "நல்லாருக்கும்மா" என்றான். உடனே தண்ணீர் கேட்டான். பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவுதான், வாய்ப்பு கைநழுவிப் போயிற்று என்று நினைத்தார்.

முன்னறையில் பேத்தி முழங்கை வரை கிரீஸோடு இருந்தாள். மூக்கிலும் ஒரு தீற்றல். விரலில் மாட்டிய பேரிங் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"கஷ்டகாலம். போய்க் கையக் கழுவு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் மகன்.

பேத்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "மாட்டேன். என் கை பாட்டி கை மாதிரியே ஆயிடுச்சு. அம்மாகிட்டக் காட்டணும்."

"காட்டலாம், மொதல்ல வா" என்று அவளைத் தூக்கிக்கொண்டு மகன் குளியலறைக்கு நடந்தான். பாட்டி விறுவிறுவென்று அவனை முந்திக்கொண்டு போய், சோப்பை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.