இருளாயி கேட்ட துண்டுகள்

திருநகரில் என் வீட்டு முன்னறைதான் கடை. பழைய கல்யாண வீடியோ கேசட், காதுகுத்துக் கேசட் எது கொண்டுவந்தாலும் டெக்கில் ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவர் படம் பிடிப்பார், நான் மிக்சிங் செய்வேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; டெக்கும் நானும் மிச்சம். வருகிற ஒன்றிரண்டு பேரிடமும் எனக்கு வாய் சும்மா இருக்காது. பூஞ்சை பிடித்த கேசட்டை நீட்டினால், "பெத்த பிள்ளை படத்தை இப்படியா போட்டு வைப்பீங்க?" என்று கேட்டுவிடுவேன். "ஞானத்துக்கிட்ட கேசட்டும் குடுக்கணும், திட்டும் வாங்கணும்" என்று தெருவில் பேச்சு.

முத்திருளன் கொண்டுவந்த கேசட்டுகளில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. ஒவ்வொன்றையும் யாரோ பழைய சேலைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நெல்லுக் குதிருக்குள்ள கெடந்துச்சும்மா. இதெல்லாம் இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார். திருமங்கலத்துக்கு மேற்கே தோட்டம், நெல் வியாபாரம். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. மகன் முத்துக்குமரனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மண்டபத்தில் பெரிய ஸ்கிரீன் கட்டி, குடும்பத்தின் பழைய படமெல்லாம் ஓடவிட வேண்டுமாம்.

"ஒரே ஒரு விசயம். இதுல ஒரு பொம்பளப் பிள்ளை வரும். அது வர்ற இடத்தையெல்லாம் எடுத்துரு. கேசட்டையும் திருப்பிக் குடுத்துரு, கொளுத்தணும்."

"யாருண்ணே அது?"

"எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல."

இல்லாத பிள்ளையா கேசட்டுல வருது என்று நாக்கு நுனிவரை வந்தது. பிழைப்பு வாயை அடைத்துவிட்டது. சரிண்ணே என்று வாங்கி வைத்தேன்.

ஓடவிட்ட பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரிந்தது. புதுமனை புகுவிழாவில் அந்தப் பிள்ளை. தம்பியின் காதுகுத்தில் அந்தப் பிள்ளை. வயசுக்கு வந்த சடங்குக் கேசட்டோ முழுக்க அவளுக்கே எடுத்தது. "செல்வி சத்யப்ரியாவுக்குத் தாய்மாமன் சீர்" என்று மைக்கில் ஒருவர் கத்துகிறார். அவளை எடுத்துவிட்டால் மாமன்மார் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்றே தெரியாது. இன்னொரு சங்கடம், முத்திருளன் மகளை விட்டு அசையவே இல்லை. மாலையைச் சரிசெய்கிறார், விசிறுகிறார், தன் தோள் துண்டால் அவள் முகத்து வேர்வையை ஒற்றி எடுக்கிறார். அவளை வெட்டினால் அவரும் சேர்ந்து போகிறார். இப்படிப் பாசம் வைத்த மனுசனுக்கு என்ன கேடு வந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை.

"யக்கா, முத்திருளன் வீட்டுக் கேசட்டு இங்கதான வந்துச்சு? நான் அவரு பொண்டாட்டி, இருளாயி. சுகர் மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"உள்ள வாம்மா. என்ன வேணும்?"

"வெட்டுன துண்டையெல்லாம் கூட்டிப் போட்றாதீங்கக்கா. தையக்கடையில வெட்டுத்துணி அள்ளிக் குடுப்பாங்கள்ல, அது மாதிரி குடுத்துருங்க. கொண்டுட்டுப் போயிர்றேன்." சொல்லிக்கொண்டே துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வீட்டில் இருந்த போட்டோவையெல்லாம் அவர் கொளுத்திவிட்டாராம். ரேசன் கார்டிலிருந்தும் பேரை எடுத்தாயிற்றாம். கேசட்டுகளை மட்டும் இவள் குதிருக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இப்போது அதுவும் அவர் கையில்.

"பிள்ளை எங்கம்மா?"

"செத்துருச்சுக்கா. மருந்து குடிச்சிருச்சுன்னு ஊருக்குச் சொன்னாங்க." சேலை நுனியைத் திருகினாள். "வரவர அவ மொகமே பிடிபட மாட்டேங்குது. கண்ணை மூடுனா அவ தம்பி மொகம்தான் வருது. எனக்குப் பயமா இருக்குக்கா."

துண்டுகள் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பி என் கடையையே பார்த்தாள்.

மறுநாள் முத்திருளன் சரிபார்க்க வந்தார். சடங்குக் கேசட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் கைவேலை காட்டியிருந்தேன். மகளுக்கு அவர் லட்டு ஊட்டுகிற இடம். படத்தைப் பெரிதாக்கி அவளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். அவர் முகமும், லட்டை நீட்டுகிற கையும் மட்டும் தெரியும். அவரும் எங்காவது ஓர் இடத்தில் வரட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

அந்த இடம் வந்ததும் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அதை எடு."

"அண்ணே, பிள்ளை தெரியலையே. உங்க கை மட்டும்தான தெரியுது? இதையும் எடுத்தா படத்துலயே நீங்க இருக்க மாட்டீங்க."

"நான் இல்லாட்டிப் போகுது. எடுன்னா எடும்மா!"

நெற்றியெல்லாம் அவருக்கு வேர்த்திருந்தது. எவ்வளவு வீம்பு பிடித்தாலும் பெற்ற மனசு, பாவம், தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்கூடக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வாரமே இருளாயி மறுபடியும் வந்தாள். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பாவாடை நான் எடுத்தது. இந்தா பாருங்க, பல்லு விழுந்திருக்கு" என்று பேசிக்கொண்டே இருந்தாள். லட்டு ஊட்டுகிற இடம் முழுதாக ஓடியது. அப்பன் கையை நீட்டுகிறான். சத்யப்ரியா அவன் கண்ணையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் போட்டேன்.

"எம்புட்டுப் பாசமா இருந்திருக்காரு" என்று சொன்னேன், மடச்சி.

"இதே கைதான்க்கா" என்றாள் இருளாயி. அழவில்லை. "வேற சாதிப் பயலக் கட்டிக்கப் போறேன்னு வீட்டை விட்டுப் போயிருச்சு. நானே கட்டி வைக்கிறேன், வா தாயின்னு இவரே போயிக் கூட்டியாந்தாரு. கறி எடுத்துட்டு வந்தாரு. நான்தான் ஆக்குனேன். தட்டை வாங்கி அவரே பெசஞ்சு, அவரே ஊட்டுனாரு. பிள்ளை இப்படித்தான், இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே வாயைத் தொறந்துச்சு. அப்பா கோவம் போயிருச்சாம்மான்னு என்னையப் பாத்துக் கேட்டுச்சு. விடியறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

யேசுவே! போலீசுக்குப் போவோம் வா என்றேன். எரித்துச் சாம்பலையும் கரைத்தாயிற்று, என்னத்தைக் காட்டுவீங்க என்று கேட்டாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.

பென் டிரைவைப் போட்டு ஓடவிட முத்திருளன் என்னையே மண்டபத்துக்கு வரச் சொன்னார். போக மனசில்லை. அவளைப் பார்க்கத்தான் போனேன். படம் ஓடியது. மகளும் இல்லை, அவரும் இல்லை, சொந்தக்காரர்களும் சீர்த்தட்டுகளும்தான். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு ஆத்திரம். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

தாலி கட்டி முடிந்ததும் வீடியோக்காரர் மேடையில் ஒவ்வொருவராக நிறுத்தினார். "மாமா, மருமகளுக்கு ஒரு லட்டு ஊட்டுங்க. பொண்ணு மாமாவைப் பாத்துச் சிரிங்க, அப்படித்தான்!"

முத்திருளன் கையை நீட்டினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"வாங்காத தாயி! வாயைத் தொறக்காத!"

இருளாயிக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் கையை அவள் ஓங்கி அடித்ததில் லட்டு சிதறி ஓடியது. மேளம் நின்றுபோனது. "எம்புள்ளைக்கு இந்தக் கையிலதான் விசம் வச்சான்!" என்று அவள் கத்தக் கத்த, நாலு பேர் வந்து வாயைப் பொத்தி இழுத்துப் போனார்கள். சாமி வந்துவிட்டது என்றார் ஒருவர். புத்தி பிசகிவிட்டது என்றார் இன்னொருவர். மேளத்தை மறுபடியும் அடிக்கச் சொன்னார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் காரில் ஏற்றிவிட்டார்கள்.

நேற்றுக் காலை முத்திருளன் வந்தார். கையில் கல்யாண வீடியோ. அதே வெள்ளை வேட்டி, அதே மரியாதை.

"இதுல என் பொண்டாட்டி வர்ற இடத்தையெல்லாம் எடுத்துரும்மா."

"இருளாயி எங்கண்ணே?"

என்னை நேராகப் பார்த்தார்.

"எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல."

"வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் தாரேன்" என்றேன். அவர் தெரு திரும்பும்வரை நின்றுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வாயைத் திறக்கிற அந்தத் துண்டு. அதன் பின்னாலேயே மருமகள் வாயைத் திறக்கிற துண்டு, இருளாயி கத்துவது முழுக்க. இத்தனை வருசத் தொழிலில் வெட்டத்தான் சொன்னார்கள், நேற்று ஒட்டினேன். ஒட்டி எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னார். முதல் துண்டைப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா இருக்கு? அப்பன் மகளுக்கு லட்டு ஊட்டுறாரு" என்றார்.

"அடுத்ததையும் பாருங்க சார்" என்றேன். "அந்தா கத்துறா பாருங்க, அவ பேரு இருளாயி. அவ உசுரோட இருக்காளான்னு பாக்க இப்பவே ஒரு ஆளை அனுப்புங்க."