தீவு மாற்று சிகிச்சை

1983 ஜூலை 11, திங்கள். காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்து, கண்ணாடி ஊசிக்குழலைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். ஆறு மணிக்கு மகளின் சிறுநீரில் எட்டுச் சொட்டை நீலக் கரைசலில் விட்டுச் சூடாக்கினேன். பச்சை. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. சர்க்கரை மிஞ்சிச் செங்கல் நிறம் வந்தால் அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். மணல் பானையில் குளிர்ச்சியாக வைத்திருந்த இன்சுலின் புட்டியை எடுத்து, அளந்து, வலது தொடையில் போட்டேன். நிறம், நேரம், இடம் மூன்றையும் நோட்டில் எழுதினேன். அவளுக்குப் பதினோரு வயதில் இந்த வியாதி வந்தது. ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட வேறு யாரும் அவளுக்கு ஊசி போட்டதில்லை.

அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. அன்றைய பக்கத்தில் மட்டும் அடித்தல்கள் இருக்கின்றன.

காரணம், முந்தின நாள் வாரப் பத்திரிகையில் படித்த கால் பக்கச் செய்தி. வெளிநாடுகளில் சர்க்கரை வியாதிக்கு ‘தீவு மாற்று சிகிச்சை’ முயல்கிறார்களாம். பலித்தால் ஊசியே வேண்டாமாம். மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஹாஸ்டலில் சேர வேண்டும். ஒரு வருஷம் பொறுத்தால் ஊசி இல்லாமலே அனுப்பலாமே என்று நினைத்தேன்.

“எந்தத் தீவுன்னு போடலையே,” என்றார் கணவர். “நம்ம ஸ்ரீரங்கமே தீவுதான். இங்கேயே செய்யச் சொல்லேன்.”

“கேலி பண்ணாதீங்க.”

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீவு என்றால் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி என்று இருபது வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவள் நான். ஏதோ கடல் நடுவே ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்தத் தீவுக்கு மாறிப் போக வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாலை பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, புத்தூரில் அவளைப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். துண்டுச் செய்தியை நீட்டினேன்.

“தீவுன்னா ஊர் இல்லம்மா,” என்றார். “கணையத்துக்குள்ள அங்கங்க திட்டுத் திட்டா இருக்கற செல்லுங்க. அதுதான் இன்சுலின் சுரக்குது. இன்னொருத்தர் கணையத்துலேருந்து அதை எடுத்து வெச்சுப் பார்க்கறாங்க.”

“வெச்சா சரியாயிடுமா?”

“நிக்க மாட்டேங்குது. இவ உடம்பு தன்னோட செல்லையே எதிரின்னு நினைச்சு அழிச்சிருக்கு. வெளியாள் செல்லை விட்டுவெக்குமா?”

“அதைத் தடுக்க மருந்து இல்லையா?”

“இருக்கு. ஆனா அந்த எதிர்ப்பை அடக்கினா, வர்ற ஜுரத்தையெல்லாம் யாரு தடுக்கறது? அதுக்கு இந்த ஊசியே மேல்.”

நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளப் பார்த்தேன். ‘உடம்பு தன்னை’ என்று எழுதி அடித்தேன். ‘எதிரி யார்’ என்று எழுதி அதையும் அடித்தேன். காவல் காப்பதே வீட்டை இடித்தால் யாரைக் கோபித்துக்கொள்வது? ஆறு வருஷமாக நான் அளந்து அளந்து காப்பாற்றிவந்தது அவளையா, அவளை அழித்துக்கொண்டிருந்த அதே உடம்பையா? ஒன்றும் பிடிபடவில்லை.

“எப்ப வரும் டாக்டர்? ஒரு வருஷம் காத்திருக்கட்டுமா?”

“பத்து வருஷமோ, இருபது வருஷமோ, எனக்கே தெரியாதும்மா. எதுக்குக் காத்திருக்கணும்?” மகள் பக்கம் திரும்பினார். “ஹாஸ்டல்ல நீயே போட்டுக்குவதானே?”

“அம்மா தரமாட்டாங்க சார்.”

“எதை?”

“ஊசியை. கையிலகூட.”

டாக்டர் என்னைப் பார்த்தார். கை நடுங்கிவிடும், அளவு தப்பும் என்று ஏதேதோ சொன்னேன்.

“உங்க கை மட்டும் நடுங்காதாம்மா?” என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அப்போது என் பேனா காகிதத்தில் சிறு சிறு புள்ளிகளாகக் குத்திக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் காவிரியைப் பார்த்தபடி வந்தோம். வெள்ளிக்கிழமை அவளை அனுப்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் செவ்வாய். ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும் முதல் வேலையாக அவளை எழுப்பினேன். ஸ்டவ் பக்கத்தில் உட்காரவைத்து, ஊசிக்குழலையும் தீப்பெட்டியையும் அவள் கையில் கொடுத்தேன்.