பெர்லின் பெரியவருக்கு ஒரு மாலை

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் அச்சகம் வைத்திருந்தேன். பெர்லினில் சுவர் இடிந்த பின் அங்கே போய்வந்த மச்சான், அந்த ஊர்ப் பழைய போஸ்டர்களைக் கொண்டுவந்தார். நாடகப் போஸ்டர் ஒன்றில் கறுப்பு வெள்ளையில் ஒரு பெரியவர் முகம். ஆசையாக அச்சகக் கதவில் ஒட்டினேன்.

மதியம், அடுத்த தெருப் பூட்டுக்கடைக்காரர் ரோஜா மாலையோடு வந்து, “எப்பப்பா எடுக்குறீங்க?” என்றார். எங்கள் வீட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று நினைத்துவிட்டார்.

“அது ஜெர்மன் நாடகம்ணே. எழுத்தப் பாக்க மாட்டீங்களா?” என்று எரிந்து விழுந்தேன்.

“எழுத்த யாரு பாத்தா? மூஞ்சியத்தான பாத்தேன். எழவுக்கு வாங்குன மாலைய வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுல்ல” என்று போஸ்டருக்கே போட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, எழவு வீட்டு வழக்கப்படி, ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமலேயே கிளம்பினார்.