எந்த வீடு என்று கேட்பவர்

கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாகப் பவர் பார்ப்பவள் அவள். ஆள் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள், கிட்டத்தில் தெரியவில்லையா தூரத்தில் தெரியவில்லையா என்று பாதி சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் மூன்று வருஷமாகத் தினம் இரண்டு வேளை பார்த்த ஒரு ஜோடிக் கண்ணைக் கோட்டை விட்டாள். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்போது எதிராளியின் கண் எங்கே தெரியப் போகிறது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் குடும்பம் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியில் ஆறு மாடிக்கு ஒரே லிப்ட். அதுவும் தனக்குத் தோன்றிய நாளில்தான் ஓடும். ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் காலை பத்து மணி ஆகிவிடும். நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டால் மணி அடித்து ஓயும். நேரில் போனாலோ செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வாடகைக்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரர் மூலமாக வர வேண்டும் என்பார். சொந்தக்காரரோ போனையே எடுக்காத மனிதர். சொன்னதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

இத்தனைக்கும் மேலே கேட்டில் அந்தக் காவல்காரர். ஐம்பத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை, எட்டு வருஷமாக அதே நாற்காலி. யார் வந்தாலும் எழுந்து நின்று "எந்த வீடு?" என்பார். வாசலைத் தாண்டி அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாலும் அதே கேள்விதான். குடியிருப்பவர்கள் அவருக்கு எந்தவீட்டார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "504" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதும், "ஓ, நீங்களா, போங்கம்மா" என்று முகமெல்லாம் சிரிப்பார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பும். வாடகைக்காரி என்ற இளக்காரம், வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டாள். பஸ் ஓட்டும் அவள் கணவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தன்னையும்தான் கேட்கிறார், உள்ளே விடுகிறாரா இல்லையா என்று சிரித்துவிட்டுப் போவான்.

ஒரு வியாழக்கிழமை, அவள் அம்மாவுக்கு என்று வரவழைத்த ரத்த அழுத்தக் கருவியைக் கேட்டில் வாங்கிய காவல்காரர் 604-க்கு அனுப்பிவிட்டார். பெட்டியின் மேல் 504 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்று நாள் தேடி, பிரித்த பெட்டியாக அதைத் திரும்ப வாங்கியவள் நேரே கேட்டுக்கு இறங்கினாள். புகார் நோட்டு எந்தவீட்டாரின் மேஜையில்தான் இருக்கும்; அவர்தான் அதை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுவார். அவரிடமே பேனாவை வாங்கி, அவர் எதிரிலேயே ஒரு பக்கம் முழுக்க எழுதித் தீர்த்தாள். "காவலுக்கு ஒரு குருடனை உட்கார வைத்திருக்கிறீர்கள்" என்று முடித்து, அடியில் அழுத்தமாகக் கோடும் போட்டாள்.

லிப்டுக்கு அசையாத அலுவலகம் இதற்கு அசைந்தது. ஆளை மாற்றச் சொல்வதற்கு ஒரு போன் போதுமே. திங்கட்கிழமை காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டடம் முழுக்கப் பேச்சு பரவியது. கேட்டபோது அவளுக்கு உள்ளூரத் திருப்திதான். அதை ஒளிப்பதற்கில்லை.

சனிக்கிழமை மதியம் லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. விளக்கும் அணைந்தது. உள்ளே அவள் மட்டும். மூடிய இடம் என்றாலே அவளுக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சு முட்டும். அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மணி வழக்கம்போல் அடித்து ஓய்ந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தபோது வெளியே படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"எந்த வீடும்மா?"

அழுகைக்கு நடுவே 504 என்றாள்.

"ஓ, நீங்களா. பயப்படாதீங்கம்மா, மெக்கானிக்கைக் கூப்ட்டுட்டேன். அவர் வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனதைச் சொன்னார். பேரன் மகளின் மாமனாரை உரித்து வைத்திருக்கிறான், அதில் தனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்றார். அவள் குரல் அடங்கும்போதெல்லாம் ஏதாவது கேள்வி கேட்டு அவளைப் பேச வைத்தார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது தண்ணீர் பாட்டிலோடு நின்றவரும் அவர்தான். நோட்டில் தான் எழுதியதை நினைத்துக்கொண்டே பாட்டிலை வாங்கி, அவரோடு படியிறங்கினாள்.

கீழே போனதும், தயங்கித் தயங்கி அவர் ஓர் உதவி கேட்டார். திங்கட்கிழமை நோட்டைக் காட்டிக் கேள்வி கேட்பார்களாம். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல முடியுமா? கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அன்றுதான் உருப்படியாகப் பார்த்தாள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் சின்னதாகத் தழும்பு விழும். அவர் மூக்கு வழுவழுவென்று இருந்தது. அந்த மனிதர் வாழ்நாளில் கண்ணாடியே போட்டதில்லை. எந்த வீடு என்று அவர் கேட்டதெல்லாம் குரலைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொள்ளத்தான் என்பது அந்த நிமிஷத்தில் விளங்கியது. தன் தொழிலை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தன் புகாரைத் தானே அவருக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரி வந்ததும் நோட்டை மூடிவிட்டாள். எழுதியது தான்தான் என்றும் சொன்னாள்.

"தெரியும்மா. என் பேனாவைத்தானே வாங்கினீங்க."

"அப்புறம் ஏண்ணே கொண்டுபோய்க் குடுத்தீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"கொண்டுபோய்க் குடுக்கறதுதானேம்மா என் வேலை."

மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் உண்மை வெளியே வந்தது. கண்ணாடி போட்ட ஆளைக் காவல் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று யாரோ, என்றைக்கோ சொன்னதை நம்பி, இத்தனை வருஷம் அவர் கண் மங்கியதை மறைத்து வந்திருக்கிறார். வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் அவரைக் கடைக்கு வரவழைத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். இரண்டு கண்ணிலும் பிளஸ் மூன்று. படிப்பதற்கு அதற்கு மேல் இன்னும் இரண்டரை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எழுத்து எப்படித் தெரியும், முகம் எப்படித் தெரியும். சோதிக்கிற ஃபிரேமில் வில்லைகளைப் போட்டு வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். அவர் எதிர்வரிசைக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக, சத்தமாக, விலாசத்தோடு படித்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கடை மூடுவதற்குள் வில்லைகளைத் தானே தேய்த்து ஃபிரேமில் பொருத்திக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு கேட்டருகே நின்றாள். மேற்பார்வையாளர் வந்தார். தெருமுனையில் நின்ற வண்டிகளின் எண்ணைப் படிக்கச் சொன்னார். எந்தவீட்டார் கடகடவென்று படித்தார். இதை முன்னமே போட்டிருக்கக் கூடாதா என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, வேலையில் தொடரலாம் என்று கையெழுத்திட்டுப் போனார். வண்டி கிளம்பியதும் எந்தவீட்டார் அவள் பக்கம் குனிந்தார்.

"அவரும் கண்ணாடிதாம்மா போட்டிருக்காரு. விளிம்பில்லாத கண்ணாடி. எட்டு வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது."

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் அவள் நோட்டை அவர் முன்னால் விரித்து, கடைசி வரியைத் தான் அன்றைக்குப் படிக்கவில்லை என்று சொன்னாள். இனி எப்படியும் அவரே படித்துவிடுவார். தன் வாயால் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். கோட்டின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"எல்லாரும் என்னைத் திட்டினாங்கம்மா. என்ன கோளாறுன்னு எழுதிக் குடுத்தது நீங்க மட்டுந்தான்."

அந்த நோட்டில் ஒவ்வொரு புகாருக்கும் எதிரே 'நடவடிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை அலுவலகம்தான் நிரப்ப வேண்டும். லிப்டுக்கு நேராக, தண்ணீருக்கு நேராக, உடைந்த படிக்கட்டுக்கு நேராக, எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அது வெள்ளையாகவே கிடந்தது. எந்தவீட்டார் பேனாவைத் திறந்தார். அவள் புகாருக்கு எதிரே, வரி வளையாமல், தன் கையாலேயே எழுதினார்: 'சரி செய்யப்பட்டது. மிக்க நன்றி.' தேதியும் போட்டார்.