ஆனாவுக்கு அப்புறம்

சேர்வராயன் மலையில் கொட்டச்சேடு என்ற ஊரில் இருக்கும் கமலக்கண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும். பஸ் தூரத்து நாகலூரில் ஆரன் அடித்தால் இங்கே எழுந்து உட்காருவார். பேச்சுக்கு நடுவில் யாராவது "ஆனா" என்று சொல்லிவிட்டால் மட்டும் அந்தக் காது கடையைச் சாத்திக்கொள்ளும். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது மேனேஜர், "உரம் போடலாம், ஆனா மழை நிக்கட்டும்" என்றார். நம்ம மகாராசன் போட்டே விட்டார். உரம் ஓடையோடு போனது, வேலையும் கூடவே போனது.

போன வருஷம் இவருக்கு மீன் வளர்க்கும் ஆசை வந்தது. மனைவி கனகா தன் காபி நாற்றுகளுக்காக வெட்டவைத்த குட்டையில்தான் ஐயா கை வைத்தார். கனகாவுக்கு அந்த நாற்றுகள்தான் பிழைப்பு. புருஷன் சம்பாத்தியத்தை நம்பி அவள் உலை வைத்த காலமெல்லாம் மலையேறிப்போய் நாளாயிற்று.

திலேப்பியா குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டவள் மலைக்குக் கீழே ஒரு மீன் பண்ணையில் வேலை பார்க்கும் மரியசெல்வி.

"ஏனுங் மேடம், இதுக முட்டை போடுமுங்களா?" என்று கேட்டார் கமலக்கண்ணன்.

"முட்டை உருவாகறதுக்கான ஜீன் எல்லாக் குஞ்சுக்குள்ளயும் இருக்குதுங்கண்ணா. ஆனா..."

போதாதா? ஐயா டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். பாவம், அந்தப் பெண் மீதியைக் கனகாவிடம்தான் சொன்னாள். முட்டையிலிருந்து பொரித்த கையோடு தீவனத்தில் ஹார்மோன் கலந்து கொடுத்து, அந்த ஜீன்களை வேலை செய்யவிடாமல் நிறுத்தி, அத்தனை குஞ்சையும் ஆணாக்கிவிட்டார்கள். சினை பிடிக்காத மீன் சீக்கிரம் பருக்கும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றாள்.

டீக்கடையிலோ வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "ஜீனு இருக்குதப்பா ஜீனு! இனி சேர்வராயன் மல பூராவும் நம்ம மீன்குஞ்சுதான்!"

சித்திரையில் கிணறு வற்றியது. குட்டையில் மட்டும் தண்ணீர் கிடந்தது. மீன்களுக்கு வயிறு உப்பியது. உப்பாமல்? தவிடும் புண்ணாக்குமாக வேளை தவறாமல் கொட்டினால் யாருக்குத்தான் உப்பாது! கமலக்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பிரசவ அறை மாதிரி குட்டையைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டினார். கட்டிலைத் தூக்கிவந்து ஓரமாகப் போட்டு, அங்கேயே காவல் இருந்தார்.

கனகா குடத்தோடு வந்தாள். "ஏனுங்க, நாத்தெல்லாம் தலை சாஞ்சு போச்சுங்க. நாலு கொடம் மோந்துக்கறனுங்க."

"தண்ணியத் தொடாத புள்ள. சினையா இருக்கறதுக நொம்ப பயந்துக்கும்."

"அதுக அத்தனையும் ஆம்பளைங்கன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்களே!"

"உனக்கு ஜீனப் பத்தி என்ன தெரியும்?"

கேட்டாரே ஒரு கேள்வி! கனகா வெறுங்குடத்தோடு திரும்பினாள். அவள் கண்ணெதிரிலேயே நாற்றுகள் கருகின, ஒன்றுகூடத் தேறவில்லை.

வைகாசியில் மரியசெல்வி வந்தாள். இருப்பதிலேயே குண்டான மீனைப் பிடித்து அறுத்துக் காட்டினாள். உள்ளே மருந்துக்குக்கூட முட்டை இல்லை, எல்லாம் கொழுப்பு.

"எல்லாமே ஆண்தானுங்கண்ணா. அன்னைக்கே சொன்னனே."

"எங்கீங்க சொன்னீங்க?"

"சொன்னாங்க," என்றாள் கனகா. "ஆனாவுக்கு அப்புறம் சொன்னாங்க."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனகா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய், பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். கமலக்கண்ணன் பின்னாலேயே வந்தார்.

"நாத்துதான புள்ள, மறுபடி போட்டுக்கலாம் உடு. இதுக்குப் போய் அண்ணன் ஊட்டுக்குப் போவாங்களா?"

அண்ணன் ஊரான தலைச்சோலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. படியில் ஏறியவள் திரும்பினாள். "உங்கள உட்டுப்போட்டுப் போவோணும்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்லீங்க. ஆனா..."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு அப்புறமும் கமலக்கண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார்.

"ஆனா? ஆனா என்ன புள்ள?"

கனகா ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.